ஜப்பான் பயணத்தை எழுதிச் சம்பாதிக்க முடியுமா? ஃப்ரீலான்ஸ் எழுத்தின் கணக்கும் பொறுப்பும்

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் செர்ரிப் பூ. யூடியூபைத் திறந்தால் ராமென் கடை. ஃபிரெண்ட்ஸ் குரூப்பில் யாராவது ஒருத்தர் டோக்கியோ டிக்கெட் போட்டிருக்கிறார். 2024-ல் ஜப்பானுக்குப் போன வெளிநாட்டினர் சுமார் 3 கோடியே 68 லட்சம் பேர். அதில் இந்தியர்கள் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-விசாவும் வந்துவிட்டது.

போகிறவர்களில் பலருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ‘செலவு பண்ணிப் போறோம். அதை எழுதி கொஞ்சமாவது காசு பார்க்க முடியாதா?’

முடியும். ஆனால், அதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று பணக் கணக்கு. இரண்டாவது விசா விதி. மூன்றாவதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை: நீங்கள் எழுதிய பிறகு அந்த ஊருக்கு என்ன ஆகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜப்பானைப் பற்றி எழுதிப் பிழைப்பது புதுசா?

இல்லை. 1890-ல் லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காக ஜப்பானுக்குப் போனார். தன்னைவிடக் கூட வந்த ஓவியருக்குச் சம்பளம் அதிகம் என்று தெரிந்ததும் பத்திரிகையோடு உறவை முறித்துக்கொண்டார். பிறகு மட்சுயே என்ற சிறிய ஊரில் ஆங்கில ஆசிரியர் வேலை. அங்கே தெருவில் கேட்ட சத்தங்களையும், வீட்டுத் தோட்டத்தையும், பேய்க் கதைகளையும் எழுதியதுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அவர் குடியிருந்த வீட்டை மட்சுயேக்காரர்கள் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

தமிழிலும் இந்த வரிசை உண்டு. 1930-களில் ஒளிப்படக் கலை படிக்க டோக்கியோ போன ஏ.கே. செட்டியார், ஜப்பானைப் பற்றித் தமிழில் புத்தகம் எழுதினார். பின்னாளில் தி. ஜானகிராமன் தன் ஜப்பான் பயணத்தை ‘உதய சூரியன்’ என்ற நூலாக்கினார்.

அன்று போனவர்கள் குறைவு. ‘அங்கே என்ன இருக்கிறது’ என்று சொன்னாலே செய்தி. இன்று ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாயில்கள் எங்கே இருக்கின்றன, எப்படிப் போவது என்பதை மேப் சொல்லிவிடும். ‘கியோட்டோவில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்’ பட்டியலை ஏஐ அரை நிமிடத்தில் தந்துவிடும். அதற்கு உங்களுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

அப்போ எதுக்குத்தான் பணம் தருவாங்க?

இடத்துக்கு அல்ல, அங்கே நடக்கும் வாழ்க்கைக்கு. ஒரு நல்ல உதாரணம், ‘சென்டோ’ எனப்படும் பொதுக் குளியல்கூடம்.

‘டோக்கியோவில் ஒரு பழைய சென்டோவுக்குப் போனேன், சூப்பரா இருந்தது’ என்பது டைரிக் குறிப்பு. கட்டுரை வேறு மாதிரி தொடங்கும். ஜப்பானில் சென்டோ கட்டணத்தைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. மாகாண அரசுதான் உச்சவரம்பு வைக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய விலைக் கட்டுப்பாட்டு ஆணைதான் இதற்கு அடிப்படை. வீட்டில் குளியலறை இல்லாத காலத்தில் குளியலும் ஒரு அத்தியாவசியத் தேவை. டோக்கியோவில் 2024 ஆகஸ்டில் பெரியவர்களுக்கான கட்டணம் 550 யென் ஆனது. எரிபொருள் விலை ஏறுகிறது, கட்டணம் அதே வேகத்தில் ஏற முடியாது. வீடுகளில் குளியலறை வந்துவிட்டது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் தொழிலை எடுக்கவில்லை. 1968 வாக்கில் நாடு முழுக்கச் சுமார் 18 ஆயிரம் சென்டோக்கள் இருந்தன. இன்று சங்கத்தில் இருப்பவை 2 ஆயிரத்துக்கும் குறைவு.

இப்போது அதே குளியல்கூடம் ஒரு கதையாகிவிட்டது. விலை, முதுமை, நகரம் மாறுவது எல்லாம் ஒரு வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கிறது. எடிட்டர் தேடுவது இதைத்தான்.

ஷிகோகு தீவில் கமிகட்சு என்று ஒரு மலைக் கிராமம். குப்பையை 45 வகையாகப் பிரிப்பதற்காக உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஊர். 2003-ல் ‘ஜீரோ வேஸ்ட்’ அறிவிப்பு செய்தது. இதை ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால், 1981-ல் வந்த கடும் குளிரில் அங்கே ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போன கதையும், 1986 முதல் வயதான பெண்கள் மலை இலைகளைப் பறித்து, உணவகத் தட்டுகளை அலங்கரிக்க விற்று வருமானம் பார்க்கும் கதையும் அதே ஊரில்தான் இருக்கின்றன. பாட்டிகள் டேப்லெட்டில் ஆர்டர் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார்கள். ஊர் ஒன்றுதான், இரண்டாவது கேள்வி கேட்டவருக்கு இரண்டாவது கட்டுரை கிடைக்கிறது.

ஒரு எழுத்து ஊரையே மாற்றுமா? மொரியோகா சொல்லும் பதில்

2023 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ், அந்த ஆண்டு போக வேண்டிய 52 இடங்களின் பட்டியலை வெளியிட்டது. முதலிடம் லண்டன். இரண்டாம் இடம் மொரியோகா. ‘அது எங்கே இருக்கு?’ என்று உலகம் கேட்டது. ‘எங்க ஊரா!’ என்று மொரியோகாக்காரர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

இவாத்தே மாகாணத்தின் தலைநகரம் அது. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரிய தீம் பார்க் இல்லை. ஓடும் ஆறுகள், கோட்டை இடிந்த இடத்தில் ஒரு பூங்கா, நூறாண்டு பழைய கட்டடங்கள், காபிக் கடைகள், ஒரு சின்னப் புத்தகக் கடை. எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

பரிந்துரைத்தவர் கிரெய்க் மாட். ஜப்பானில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வாழும் அமெரிக்க எழுத்தாளர், ஒளிப்படக்காரர். யாருடைய ஊழியரும் அல்ல. 2021-ல் ஜப்பானின் 10 நடுத்தர நகரங்களை நடந்தே பார்த்து, தினமும் எழுதியவர். அதில் ஒன்றாகத்தான் மொரியோகா அவர் கண்ணில் பட்டது. பட்டியலில் வந்தது சில வரிகள். அதற்குப் பின்னால் இருந்தது பல ஆண்டு நடை.

அவருடைய வருமான முறையும் கவனிக்க வேண்டியது. பத்திரிகைச் சன்மானத்தை மட்டும் நம்பி அவர் இல்லை. வாசகர்கள் ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர் திட்டம், மின்னஞ்சல் கடிதங்கள், தானே அச்சிட்டு விற்கும் புத்தகங்கள் என்று பல வழிகள். இன்றைய ஃப்ரீலான்சர்களில் நிலைத்து நிற்பவர்கள் பலரும் இப்படித்தான் இயங்குகிறார்கள்.

மொரியோகா போன்ற ஊருக்கு இந்தக் கவனம் தேவைப்பட்டது. ஜப்பானில் மக்கள்தொகை சுருங்குகிறது. 2024-ல் வந்த ஒரு நிபுணர் குழு அறிக்கை, 744 உள்ளாட்சிகள் காலப்போக்கில் மறைந்துபோகும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம். வருகிற கூட்டமோ டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்ற ஒரே கோட்டில் ஓடுகிறது. அந்தக் கோட்டிலிருந்து வாசகரை ஒரு நாள் வெளியே கூட்டிப்போகிற கட்டுரை, உண்மையிலேயே ஒரு உதவி.

அதே எழுத்து, அதே படம் ஊரைக் கெடுக்குமா?

கெடுக்கும். இதற்கும் உதாரணம் இருக்கிறது.

ஃபுஜி மலைக்குக் கீழே ஃபுஜிகவாகுச்சிகோ என்ற ஊர். அங்கே ஒரு லாசன் கடை. ஜப்பானில் ‘கொன்பினி’ என்பார்கள். பகல் இரவு பார்க்காமல் திறந்திருக்கும் சின்ன சூப்பர் மார்க்கெட். அதன் கூரைக்கு மேலே ஃபுஜி உட்கார்ந்திருப்பது போல ஒரு கோணம் கிடைக்கும். அந்தப் படம் வைரலானது. கூட்டம் வந்தது. சிக்னல் பார்க்காமல் சாலையைக் கடந்தார்கள். குப்பை போட்டார்கள். பக்கத்துப் பல் மருத்துவமனையின் இடத்தில் அத்துமீறி நுழைந்தார்கள், வண்டியை நிறுத்தினார்கள். கடைசியில் 2024 மே மாதம் உள்ளாட்சி அங்கே 2.5 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டியது. சில நாட்களிலேயே அந்தத் திரையில் கேமரா நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விழுந்தன. ஆகஸ்டில் புயல் எச்சரிக்கைக்காகக் கழற்றிய திரையை, கூட்டம் குறைந்திருந்ததால் மறுபடி கட்டவில்லை.

கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களை வழிமறித்துப் படம் எடுப்பது தொல்லையாகி, 2024-ல் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை வந்தது. மீறினால் 10 ஆயிரம் யென் என்று போர்டு வைத்தார்கள்.

ஹொக்கைடோ தீவின் பியே ஊரில் நடந்தது இன்னும் வருத்தமான கதை. வயல் நடுவில் சாய்ந்து நின்ற ஒரு பாப்லர் மரத்துக்கு ‘தத்துவ மரம்’ என்று பெயர். படம் எடுக்க வந்தவர்கள் வயலுக்குள் நடந்தார்கள். விவசாயிக்கு இது மண்ணில் பதியும் காலடித் தடம் மட்டுமல்ல. ஷூவில் ஒட்டி வரும் வேறு ஊர் மண், பயிர் நோயைக் கொண்டுவரலாம். எச்சரித்துப் பார்த்தார்கள், பலனில்லை. 2016 பிப்ரவரியில் நில உரிமையாளரே மரத்தை வெட்டிவிட்டார். மரம் வயதாகித் தளர்ந்திருந்தது ஒரு காரணம். அத்துமீறல் இன்னொரு காரணம்.

இந்த மூன்று இடங்களிலும் கெடுதல் செய்யணும்னு யாரும் போகவில்லை. ஒரு படமோ, நாலு வரியோ பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அந்த நாலு வரியில் ‘இது தனியார் வயல், சாலையிலிருந்தே பாருங்கள்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் எல்லோரும் கேட்டிருக்க மாட்டார்கள்தான். சிலராவது கேட்டிருப்பார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்: போட்ட காசு திரும்புமா?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொகைகள் புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. சீசனைப் பொறுத்து மாறும்.

- விமான டிக்கெட்: 50 ஆயிரம் ரூபாய்
- 10 இரவு தங்க, இரவுக்கு 4 ஆயிரம் வீதம்: 40 ஆயிரம் ரூபாய்
- சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து: 30 ஆயிரம் ரூபாய்
- 7 நாள் ஜேஆர் ரயில் பாஸ், 50 ஆயிரம் யென்: ஒரு யென் 56 பைசா என்றால் 28 ஆயிரம் ரூபாய்

மொத்தம் 1 லட்சத்து 48 ஆயிரம். ஒரு கட்டுரைக்கு 8 ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது என்று வைத்தால், அசலை எடுக்கவே 19 கட்டுரை விற்க வேண்டும். பத்து நாள் பயணத்தில் 19 கட்டுரை! (அந்த ரயில் பாஸ் 2023 அக்டோபருக்கு முன்பு 29,650 யென்தான். ஊர் ஊராகச் சுற்றாதவர்களுக்கு இப்போது தனித்தனி டிக்கெட்டே மலிவு.)

அதனால், அனுபவமுள்ளவர்கள் பயணத்தை முதலீடாகப் பார்க்கிறார்கள். ஒரே சென்டோ விஜயத்திலிருந்து ஒரு பயணக் கட்டுரை, ஒரு பிசினஸ் கட்டுரை, முதியோர் வாழ்க்கை பற்றி ஒரு ஃபீச்சர், ஒரு படத்தொகுப்பு என்று வெவ்வேறு இடங்களுக்குத் தருவார்கள். ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு விற்பது வேறு, ஒரே கள வேலையிலிருந்து இரண்டு கட்டுரை எழுதுவது வேறு. முன்னது பெயரைக் கெடுக்கும்.

கிளம்பும் முன்பே எடிட்டரிடம் ஐடியா அனுப்புவது நல்லது. ‘நான் ஜப்பான் போறேன், ஏதாவது எழுதட்டுமா?’ என்ற மெயிலுக்குப் பதில் வராது. ‘கட்டணத்தை ஏற்ற முடியாத குளியல்கூடங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? ஒன்றின் உரிமையாளரிடம் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன், 1,200 சொல், படங்களும் உண்டு’ என்று மூன்று வரி எழுதினால் வாய்ப்பு கூடும். சன்மானம் எவ்வளவு, எப்போது, உரிமை யாருக்கு, கட்டுரை வெளியாகாவிட்டால் ஏதாவது உண்டா? இந்த நாலையும் மெயிலிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். போனில் பேசியது நிற்காது. வெளிநாட்டிலிருந்து வரும் சன்மானத்துக்கும் இங்கே வருமான வரி உண்டு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஓட்டலோ சுற்றுலா வாரியமோ செலவை ஏற்றுக்கொண்டால்? அதை வாசகரிடம் சொல்லிவிடுங்கள். விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாமல் மறைப்பதற்கு எதிராக ஜப்பான் 2023 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. அது நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. எழுதுபவரை நேரடியாகத் தண்டிப்பதில்லை. ஆனால், நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் போவது உங்கள் பெயர்.

டூரிஸ்ட் விசாவில் போய் வேலை செய்யலாமா?

இங்கேதான் கவனமா இருக்கணும். சுற்றுலா விசாவில் போகிறவர் ஜப்பான் சட்டப்படி ‘தற்காலிக வருகையாளர்’. அந்த நிலையில் சம்பளம் தரும் வேலை செய்யக் கூடாது. ஊர் திரும்பியபின் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுபவக் கட்டுரை எழுதுவது ஒரு விஷயம். அங்கே இருக்கும்போதே ஒரு ஜப்பான் விடுதியிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு எழுதித் தருவது வேறு விஷயம்; அது விதிமீறல். வெளிநாட்டு ஊடகத்தோடு ஒப்பந்தம் செய்து செய்தி சேகரிக்கப் போகிறவர்களுக்குத் தனியாகப் பத்திரிகையாளர் விசா பிரிவு இருக்கிறது. உங்கள் வேலை எந்தப் பக்கம் வரும் என்று சந்தேகம் இருந்தால், கிளம்பும் முன் தூதரகத்திடமே கேட்டுவிடுங்கள்.

2024 மார்ச்சில் வந்த டிஜிட்டல் நோமாட் விசா? ஆறு மாதம் தங்கலாம், ஆண்டு வருமானம் 1 கோடி யென் வேண்டும். ஆனால், ஜப்பானுக்கு விசா இல்லாமல் போக முடிகிற நாடுகளுக்குத்தான் அது. இந்தியாவுக்கு அந்த விலக்கு இல்லாததால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

ஏற்கெனவே ஜப்பானில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் இந்திய ஐடி குடும்பங்கள் நிறைய. அவர்களில் தமிழர்களும் உண்டு. வேலை விசாவில் இருப்பவர் வெளி வேலையாக எழுதிச் சம்பாதிக்க, குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். மாணவர்களும், குடும்ப விசாவில் இருப்பவர்களும் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். உண்மையில் இவர்களுக்குத்தான் சாதகம் அதிகம். பத்து நாள் போகிறவருக்குக் கிடைக்காத ஒன்று இவர்களிடம் இருக்கிறது: அக்கம்பக்கம். தெருவின் குப்பை நாள், பிள்ளையின் பள்ளி விளையாட்டு விழா, மூடப்போகும் காய்கறிக் கடை எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது?

ஜப்பானில் செய்தி சேகரிப்புக்கு ‘ஷுஸாய்’ என்று பெயர். முன்கூட்டியே அனுமதி கேட்டு வருவதுதான் வழக்கம். நீங்கள் யார், எங்கே வெளியாகும், எவ்வளவு நேரம் எடுக்கும், படம் உண்டா என்று மெயிலில் கேட்பார்கள். பல சின்னக் கடைகள் ‘ஷுஸாய் வேண்டாம்’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எட்டு நாற்காலி போட்டு வயதான தம்பதி நடத்தும் காபிக் கடைக்கு, கட்டுரை வந்த மறுநாள் வாசலில் நாற்பது பேர் நின்றால் அது லாபமே இல்லை. தினமும் வரும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இடம் போய்விடும். கூட்டம் ஓய்ந்த பிறகு அவரும் திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது.

முகம் தெரியும் படத்துக்கு அனுமதி கேட்பது அங்கே அடிப்படை மரியாதை. குளியல்கூடத்துக்குள் கேமராவும் போனும் கூடவே கூடாது. மொழி தெரியாதென்றால், ட்ரான்ஸ்லேட் ஆப் காபி ஆர்டர் பண்ணப் போதும். ஒருவர் தன் கடையை ஏன் மூடுகிறார் என்று கேட்கப் போதாது. அரை நாளுக்காவது மொழிபெயர்ப்பாளர் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பப்ளிஷ் பண்ணும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்தக் கட்டுரையைப் படித்து நூறு பேர் போனால், அந்த இடம் தாங்குமா? தாங்காது என்றால், கடையின் பெயரையும் மேப் லிங்கையும் விட்டுவிட்டுப் பகுதியை மட்டும் சொல்ல முடியுமா?
2. பெயர் வெளிவருவது கடைக்காரருக்குத் தெரியுமா? சரி என்றாரா?
3. எங்கே நிற்கலாம், எங்கே நுழையக் கூடாது, எது தனியார் இடம் என்று எழுதியிருக்கிறேனா?
4. யார் செலவில் போனேன் என்று வாசகருக்குச் சொன்னேனா?
5. அந்த ஊர்க்காரர் ஒருவர் இதை மொழிபெயர்த்துப் படித்தால், ‘ஆமாம், இது எங்க ஊர்தான்’ என்பாரா?

முதல் கேள்விக்கு ‘தாங்காது’ என்று பதில் வந்தால் கட்டுரையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்தக் கடையில் நீங்கள் கற்றுக்கொண்டதை எழுதுங்கள், முகவரியை எழுத வேண்டாம். அதே தெருவில் கூட்டத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு கடை இருக்கலாம். விசாரித்து, அதன் பெயரைப் போடுங்கள்.